இண்டஸ்ட்ரியல் இசையைப் பின்தொடர நினைப்பவருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒருவர் தன்னை டிஜே என்று சொல்லிக்கொண்டால், இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியின் கல்யாண வரவேற்பில் தமிழ்ப் பாட்டும் பாங்ராவும் மாற்றி மாற்றிப் போடுகிறவர் என்று பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இளையவர்கள், கோம் என்ற உள்ளூர் நடன இசை போடுகிறவர் என்று நினைப்பார்கள். நான் போடுவது இண்டஸ்ட்ரியல் இசை. விமர்சனம் எழுதுவதும் அதைப் பற்றித்தான். அதைச் சொன்னதும் வருகிற முதல் கேள்வி, "ஆலைச் சத்தத்தையா பாட்டு என்கிறீர்கள்?" என்பது. நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இந்த இசை எப்படிப்பட்டது, எங்கே தொடங்கிக் கேட்பது, டிஜேயாகவோ விமர்சகராகவோ இதைப் பின்தொடர்ந்தால் என்னென்ன வேலை இருக்கிறது என்பதை முன்பின் அறியாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

சத்தம் பாதி, கேள்வி பாதி

நமக்குப் பழகிய பாட்டில் மெட்டு முன்னால் நிற்கும், தாளம் அதைத் தாங்கும். கருவியின் கரகரப்பு, ஒலிநாடாவின் சீறல், மின்சாரத்தின் ரீங்காரம் இதெல்லாம் பதிவுக்கூடத்திலேயே துடைத்து எடுக்கப்பட்டுவிடும். அப்படித் துடைத்து எடுக்கிற சரக்கைக் கொண்டே கட்டுகிற இசை இண்டஸ்ட்ரியல். உலோகத் தகட்டை அடிக்கிற ஒலி, துளைக்கும் கருவியின் அலறல், வெட்டி ஒட்டிய வானொலிப் பேச்சு, உடைந்து சிதைந்த குரல், விடாமல் சுழலும் ஒரே ஒரு தாளத் துண்டு: இவைதான் அதன் உடம்பு. மெட்டு வரலாம், வராமலும் போகலாம்.

இது பாதிதான். மற்றப் பாதியை விட்டுவிட்டால் இந்த இசை வெறும் முரட்டுத்தனமாகத்தான் தெரியும். அந்த இயந்திரத்தை ஓட்டுவது யார், அதற்குள் மாட்டிக்கொண்டது யார், ஒலிபெருக்கியில் கட்டளையிடும் குரல் யாருடையது என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே இந்த இசைக்குள் இருக்கிறது. பிரச்சாரம், ராணுவ ஒழுங்கு, மருத்துவமனை, தொழிற்சாலை ஷிஃப்ட், கண்காணிப்பு என்று மனிதனை ஒரு எண்ணாக மாற்றும் அமைப்புகள் எல்லாம் இதன் பாடுபொருள். அந்த அமைப்புகளின் ஓசையை எடுத்து அவற்றைப் பற்றியே பேசுகிற இசை என்று நான் இதைப் புரிந்துகொண்டிருக்கிறேன். டிஜேக்கு முதல் பாதி உடம்பில் தெரிந்திருக்க வேண்டும். விமர்சகர் இரண்டாம் பாதியைக் கோட்டைவிடக் கூடாது. இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்தால் ஒன்று மற்றொன்றைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள் என்று புதியவர்களிடம் சொல்கிறேன்.

1913, 1976, அதற்குப் பிறகு

பெயர் வந்த கதை எளிது. லண்டனின் ஹாக்னி பகுதியில் த்ராபிங் க்ரிஸல் என்ற நால்வர் குழு 1975ல் உருவானது. ஜெனிஸிஸ் பி-ஆரிட்ஜ், கோஸி ஃபானி டுட்டி, பீட்டர் கிறிஸ்டோஃபர்சன், கிறிஸ் கார்ட்டர். அடுத்த ஆண்டே தங்கள் இசையைத் தாங்களே வெளியிட இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியக் கலைஞர் மான்டி கஸாஸா, "இண்டஸ்ட்ரியல் மனிதர்களுக்கு இண்டஸ்ட்ரியல் இசை" என்று ஒரு முழக்கம் கொடுத்தார். நிறுவனத்தின் பெயர் அப்படியே வகையின் பெயராகிவிட்டது. 1976 அக்டோபரில் லண்டனின் ஐசிஏ கலைக்கூடத்தில் அவர்கள் நடத்திய காட்சியைப் பார்த்த நாடாளுமன்ற உறுப்பினர் நிக்கோலஸ் ஃபேர்பேர்ன், இவர்கள் நாகரிகத்தை நாசமாக்குகிறவர்கள் என்று திட்டினார். அந்தத் திட்டையே அந்தக் குழுவின் ரசிகர்கள் இன்றுவரை பட்டமாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

கிறிஸ் கார்ட்டர் மின்னணுக் கருவிகளைத் தானே சால்டர் வைத்துக் கட்டினார் என்பது எனக்கு அந்தக் கூச்சல் குழப்பத்தைவிட முக்கியமான செய்தி. கடையில் கிடைக்காத ஒலி வேண்டுமானால் அதை எழுப்பும் பெட்டியை நீங்களே செய்துகொள்ள வேண்டும். இந்தப் பழக்கம் இந்த வகை முழுவதும் ஓடுகிறது. மேற்கு பெர்லினில் 1980ல் தொடங்கிய ஐன்ஸ்டுர்சண்டே நாய்பாவ்டன் குழுவில் டிரம் வாசித்த உன்ரூ, காசில்லாமல் தன் டிரம் செட்டை விற்றுவிட்டு, கட்டட வேலை நடக்கும் இடங்களில் கிடந்த இரும்பையும் தகரத்தையும் பொறுக்கி வந்து வாசித்தார். 1984 ஜனவரியில் அதே ஐசிஏ அரங்கில் கான்கிரீட் உடைக்கும் கருவிகளோடு மேடையையே துளைக்க ஆரம்பித்தபோது நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தினார்கள்.

மற்ற ஊர்களைப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரியும். கேபரே வால்டேர் குழு 1973ல் உருவான ஷெஃபீல்ட், இங்கிலாந்தின் எஃகு நகரம். லைபாக் குழு 1980ல் தோன்றிய த்ர்போவ்லியே, ஸ்லொவேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர். சிட்னியின் எஸ்பிகே குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரேம் ரெவல், மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தவர். பிற்பாடு ஹாலிவுட்டில் பெயர்பெற்ற திரை இசையமைப்பாளரானார். ஆலையோ சுரங்கமோ மருத்துவமனையோ, ஏதோ ஒரு பெரிய இயந்திரத்தின் பக்கத்தில் வாழ்ந்தவர்கள்தான் இதைச் செய்திருக்கிறார்கள்.

இரைச்சலை இசையாகக் கேட்கலாம் என்ற எண்ணம் அதைவிடப் பழையது. இத்தாலிய ஓவியர் லூய்ஜி ருஸ்ஸோலோ 1913 மார்ச்சில், ஆலை, ரயில், நகரம் இவற்றின் ஓசைகளால் புது இசை செய்ய வேண்டும் என்று ஒரு அறிக்கை எழுதினார். அதற்காக இரைச்சல் எழுப்பும் பெட்டிகளையும் செய்தார். இந்த ஆண்டை எங்கே படித்தாலும் எனக்கு டர்பன் இருக்கும் நேட்டால்தான் ஞாபகம் வரும். அதே 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்தியத் தொழிலாளர்கள் 3 பவுண்டு தலைவரிக்கு எதிராக வேலையை நிறுத்தினார்கள். போராட்டம் கரும்புத் தோட்டங்களுக்கும் சர்க்கரை ஆலைகளுக்கும் பரவியது. 1860ல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் அதில் இருந்தார்கள். சிறை சென்று, 1914 பிப்ரவரியில் நோயால் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் மறக்கவில்லை. மிலானில் ஒருவர் இயந்திரத்தின் ஓசையைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்த ஆண்டில், நம் ஆட்கள் அந்த இயந்திரத்தை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

ருஸ்ஸோலோவும் அவரது கூட்டாளிகளும் இயந்திரத்தையும் போரையும் காதலித்தவர்கள். 1970களில் வந்தவர்களோ இயந்திரத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அந்தச் சந்தேகம்தான் எனக்கு இந்த இசையைச் சொந்தமாக்கியது. லண்டனின் டெஸ்ட் டிபார்ட்மென்ட் குழு இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. 1984ல் பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இரும்புச் சாமான்களைத் தட்டி வாசிக்கும் இந்தக் குழு, தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் பாடகர் குழுவோடு மேடையேறி, சேர்ந்து ஒரு இசைத்தட்டும் வெளியிட்டது. இண்டஸ்ட்ரியல் என்றால் மனித வெறுப்பு என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் நீட்டுவது அந்தத் தட்டைத்தான்.

கிளைகள்

இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். கேட்கக் கேட்கத் தானாகப் பிடிபடும். 1980களில் பெல்ஜியத்தின் ஃப்ரண்ட் 242 குழு, சீரான தாளமும் அடுக்கடுக்கான சிந்தசைசர் வரிகளும் கட்டளைக் குரலுமாக ஆடத்தக்க ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது. அதற்கு இபிஎம் (எலக்ட்ரானிக் பாடி மியூசிக்) என்று பெயர். சிகாகோவில் ஜிம் நாஷ், டேனி ஃப்ளெஷர் இருவரும் நடத்திய வாக்ஸ் ட்ராக்ஸ் என்ற தட்டுக் கடையே ஒரு வெளியீட்டு நிறுவனமாகி, ஐரோப்பிய ஒலியை அமெரிக்காவுக்குக் கொண்டுசேர்த்தது. வான்கூவரின் ஸ்கின்னி பப்பி, திரைப்பட வசனத் துண்டுகளையும் சிதைந்த குரலையும் வைத்து இருண்ட உலகம் ஒன்றைக் கட்டியது. மினிஸ்ட்ரி குழு அதில் மெட்டல் கிட்டாரைச் சேர்த்தது. ட்ரெண்ட் ரெஸ்னரின் நைன் இன்ச் நெய்ல்ஸ் 1989லிருந்து இதைப் பெருங்கூட்டத்துக்குக் கொண்டுபோனது. 2011ல் ரெஸ்னர் திரை இசைக்கு ஆஸ்கர் வாங்கினார். இன்னொரு பக்கம், டிரம் மெஷினின் ஒலியைச் சிதைத்து அதையே முழுப் பாட்டாக்கும் ரிதமிக் நாய்ஸ் ஜெர்மனியின் ஆன்ட்-ஸென் போன்ற சிறு நிறுவனங்களில் வளர்ந்தது. தாளமே இல்லாமல் முழுக்க ஓசையின் அழுத்தத்தில் நிற்கும் பவர் எலக்ட்ரானிக்ஸ் தனிக் கிளை. அதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

காதைப் பழக்குவது

வரலாற்று வரிசையில் கேட்க ஆரம்பிப்பதுதான் புதியவர் ஓடிப்போக முக்கியக் காரணம். 1977ம் ஆண்டுப் பதிவுகளை முதல் நாளே கேட்டால் யாருக்குமே கஷ்டம்தான். பின்னாலிருந்து முன்னால் போங்கள். முதலில் ஃப்ரண்ட் 242, அல்லது இங்கிலாந்தின் நிட்சர் எப். தாளம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும். அப்புறம் ஸ்கின்னி பப்பி. அதில் தாளம் இருக்கும், ஆனால் மேலே நடப்பது வேறு. அப்புறம் நாய்பாவ்டன். அங்கே ஒலி எழுப்பும் பொருளே கதாநாயகன். இவ்வளவும் கேட்ட பிறகு த்ராபிங் க்ரிஸலிடம் போனால், இவர்கள் எல்லோரும் எந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள் என்று தெரியும்.

கேட்கும்போது பாட்டை மூன்று தடவை ஓடவிடுங்கள். முதல் தடவை தாளத்தை மட்டும் பிடியுங்கள். இரண்டாம் தடவை தாளத்தை விட்டுவிட்டு, அடியில் விடாமல் ஓடும் ஓசையைக் கவனியுங்கள். அது மாறுகிறதா, எப்போது மாறுகிறது, எது அதை மறைக்கிறது? மூன்றாம் தடவை குரலைக் கேளுங்கள். பாடுகிறாரா, ஆணையிடுகிறாரா, மன்றாடுகிறாரா, அல்லது குரல் ஒரு பழைய ஒலிநாடாவிலிருந்து வருகிறதா? புதியவருக்கு எல்லாம் ஒரே சுவராகத் தெரிவதற்குக் காரணம், மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்க முயல்வதுதான்.

நமக்கு இதில் ஒரு முன்பழக்கம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். காவடி ஊர்வலத்தில் உருமி வாசிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டிருப்பீர்கள். வளைந்த குச்சியால் தோலை அழுத்தித் தேய்த்து எழுப்பும் அந்த உறுமலைக் காகிதத்தில் சுரமாக எழுத முடியாது. ஆனால் அது வந்ததும் கூட்டத்தின் நடை மாறிவிடும். தேய்ப்பு ஓசை ஒன்று, மெட்டே இல்லாமல், ஆளைப் பிடித்து ஆட்டிவைக்கிறது. அந்தக் காது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒலிபெருக்கியில் சிதைவு கேட்டதும் "அண்ணே, பெட்டி கிழிஞ்சுபோச்சா?" என்று கேட்கும் தம்பிமாரிடம் நான் உருமியைத்தான் நினைவுபடுத்துவேன். சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆலை ஓசை அழகு என்று மேலோட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. தெற்கு டர்பனின் மியர்பேங்க், இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் ஒரு காகித ஆலைக்கும் இடையே அமைந்த குடியிருப்பு. நிறவெறி அரசு இந்தியர்களை அங்கே கொண்டுபோய் வைத்தது. 2000களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு, அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா மிக அதிகமாக இருப்பதைக் காட்டியது. சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 2020 டிசம்பர் வெடிவிபத்துக்குப் பிறகும் மற்றொன்று 2022லும் சுத்திகரிப்பை நிறுத்தின. இரவில் எரிவாயுக் குழாய் எரிகிற உறுமலோடு வளர்ந்தவர்களுக்கு அந்த ஓசையோடு மூச்சுத்திணறலும் சேர்ந்தே ஞாபகம் வரும். நல்ல இண்டஸ்ட்ரியல் இசை அந்த இரண்டையும் பிரிக்காது. பிரித்துவிட்டு ஓசையை மட்டும் அலங்காரமாக எடுத்துக்கொள்ளும் பதிவுகளுக்கு நான் மதிப்பெண் குறைத்துத்தான் போடுகிறேன்.

டிஜே மேசையில்

இங்கே விளக்க நிறைய இருக்கிறது, ஏனென்றால் வீட்டில் கேட்பதும் அரங்கில் போடுவதும் வேறு வேறு வித்தை.

முதலில் சிதைவு என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஒலியைக் கருவி தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்படி வெட்டுப்படும்போது மூல ஒலியில் இல்லாத மேல் அதிர்வுகள் பிறக்கின்றன. வழக்கமான பாட்டில் பேஸ் டிரம் அடித்தளத்தில் மட்டும் இருக்கும். சிதைத்த பேஸ் டிரம்மோ அடியிலிருந்து உச்சிவரை மொத்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஹவுஸ் என்ற நடன இசைப் பாட்டுகளைக் கலப்பதுபோல இரண்டு சிதைந்த பாட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக நீளமாக ஓடவிட்டால், இரண்டுமே கேட்காது. சேறுதான் மிஞ்சும். ஆகவே கலவையைச் சுருக்கமாக வையுங்கள். உள்ளே வரும் பாட்டின் கீழ் அதிர்வுகளை முழுக்க வெட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள். தாளத்தின் முதல் அடியில் இரண்டையும் ஒரே இழுப்பில் மாற்றுங்கள். சில சமயம் சுத்தமாக நிறுத்தி, ஒரு பேச்சுத் துண்டை மட்டும் ஓடவிட்டு, அடுத்ததை நேரடியாகத் தொடங்குவதுதான் சிறந்த வழி.

இரண்டாவது, வேகம். இபிஎம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 115 முதல் 130 அடிக்குள் ஓடும். அது வழக்கமான நடன இசையின் வேகம்தான், எளிதாகக் கோக்கலாம். ஆனால் 1970களின் பதிவுகளில் பல, கையால் வெட்டி ஒட்டிய ஒலிநாடாச் சுழல்கள். வேகம் நிலையாக இருக்காது. மென்பொருள் காட்டும் எண்ணை நம்பி அவற்றைக் கோக்கப் போனால் நடுவழியில் தடுமாறும். அவற்றைத் தாளத்தோடு பொருத்தாமல், நிகழ்ச்சியின் தொடக்கத்திலோ இரண்டு பகுதிகளுக்கு இடையிலோ தனியே நிற்கவிடுங்கள். அரங்கம் மூச்சு வாங்கிக்கொள்ள அது உதவும்.

மூன்றாவது, ஒலியளவு. சிதைந்த ஒலியின் சராசரி அழுத்தம் எப்போதுமே அதிகம். மீட்டரில் இரண்டு பாட்டும் ஒரே உயரம் காட்டினாலும் காதுக்கு ஒன்று பல மடங்கு பெரிதாகக் கேட்கும். அதனால் ஒவ்வொரு பாட்டின் அளவையும் காதால் முன்கூட்டியே சரிபார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் காதைக் காப்பாற்றுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்படும் வரம்பு. தென்னாப்பிரிக்காவில் ஆலைத் தொழிலாளர்களின் செவிப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் எல்லையும் 85தான். பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கின்படி, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 94ல் ஒரு மணி நேரம். 100ல் வெறும் 15 நிமிடம். கிளப்பில் 100 என்பது சர்வ சாதாரணம். இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கும் காதடைப்பான்கள் எல்லா அதிர்வுகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், பாட்டின் நிறம் மாறாது. ஆடுகிறவர்களுக்கும் வாசலில் சில ஜோடி நுரை அடைப்பான்கள் வைத்திருப்பது என் வழக்கம்.

டர்பனில் இருப்பதால் ஒரு வசதி உண்டு. கோம் இங்கேதான் பிறந்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகரைச் சுற்றிய டவுன்ஷிப்களில் இளைஞர்கள் வீட்டுக் கணினியில், பெரும்பாலும் எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் செய்த இருண்ட, வெறுமையான, உடைந்த தாளம். க்ளெர்மான்ட்டின் டிஜே லேக், ருட்பாய்ஸ் போன்றவர்கள் அதை உலகத்துக்குக் கொண்டுபோனார்கள். வாட்ஸ்அப் வழியாகக் கோப்புகள் கைமாறின. மினிபஸ் டாக்சிகள் நகரும் வானொலி நிலையங்களாயின. 1980களில் இண்டஸ்ட்ரியல் குழுக்கள் ஒலிநாடாக்களைத் தபாலில் அனுப்பி ஒருவரையொருவர் கண்டுபிடித்ததும் இதே மாதிரிதான். பெரிய நிறுவனங்கள் கவனிப்பதற்கு முன்பே பாட்டு ஊரைச் சுற்றிவந்துவிட்டது. கோமை இண்டஸ்ட்ரியலின் கிளை என்று சொல்வது தவறு. அதற்குத் தனி வேர் இருக்கிறது, அது ஜூலு இளைஞர்களின் படைப்பு, அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது. ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுவதால் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கோம் கேட்டு வளர்ந்த கூட்டத்துக்கு நடுவில் ஒரு பழைய இபிஎம் பாட்டைக் கொண்டுவந்தால் யாரும் தரையை விட்டுப் போவதில்லை. லண்டன் டிஜேக்குக் கிடைக்காத கூட்டம் இது.

விமர்சனம் எழுதும்போது

புதிய விமர்சகர்கள் எழுதும் முதல் வாக்கியம் பெரும்பாலும் "காதைக் கிழிக்கும் இரைச்சல்" என்று தொடங்கும். அதிலிருந்து வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது. எப்படிப்பட்ட இரைச்சல்? கரகரப்பா, சீறலா, உறுமலா, நறநறப்பா, தூரத்தில் தடதடக்கும் ரயிலா? ஒரே சீராக ஓடுகிறதா, விட்டு விட்டு வருகிறதா? பாட்டின் எந்த இடத்தில் அது விலகுகிறது, விலகும்போது என்ன வெளிப்படுகிறது? இதைச் சொன்னால், பாட்டைக் கேட்காதவருக்கும் அது காதில் விழும். அடுத்து, ஒலி எதிலிருந்து வருகிறது என்று தேடுங்கள். களத்தில் பதிவு செய்ததா, கடையில் விற்கும் ஒலித் தொகுப்பிலிருந்து எடுத்ததா? துறைமுகக் கிரேன் ஓசையை நேரில் போய்ப் பதிவு செய்த ஒருவரும், அதே ஓசையைத் தரவிறக்கிக்கொண்ட ஒருவரும் செய்திருப்பது ஒரே வேலை ஆகாது. வாசகருக்கு அது தெரிய வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டிய இடம், சின்னங்கள். அதிர்ச்சி கொடுப்பது இந்த இசையின் ஆயுதங்களில் ஒன்றாக முதல் நாளிலிருந்தே இருக்கிறது. இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸின் சின்னத்தில் இருப்பது நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் படம். லைபாக் குழு சீருடையும் சர்வாதிகாரத் தோரணையுமாக மேடையேறும். அதிகாரம் எப்படி அழகாக உடுத்திக்கொண்டு வருகிறது என்பதைக் காட்டத்தான் அந்த வேடம் என்பது பலர் தரும் விளக்கம். லைபாக் விஷயத்தில் நானும் அதை ஏற்கிறேன். ஆனால் பின்னால் வந்த எத்தனையோ பேர் பூட்ஸையும் சீருடையையும் வெறும் ஃபேஷனாக மாட்டிக்கொண்டார்கள். சிலர் உண்மையிலேயே அந்தச் சர்வாதிகாரக் கொள்கையை நம்புகிறவர்கள்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறவர் இதை மழுப்பிவிட்டுப் போக முடியாது. குடியிருப்பை இனவாரியாகப் பிரித்த 1950ம் ஆண்டுக் குழுப் பகுதிகள் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்களில், சீருடை என்றால் கதவைத் தட்டியவர்களின் உடுப்பு. நம் தாத்தாமாரும் ஆயாமாரும் அதை நேரில் பார்த்தவர்கள். ஆகவே ஒரு பதிவின் அட்டையில் அப்படி ஒரு படம் இருந்தால் மூன்று விஷயத்தைத் தேடிப் பார்ப்பேன். இந்தக் கலைஞர் தன் நிலைப்பாட்டைப் பேட்டிகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறாரா? யாரோடு சேர்ந்து வெளியிடுகிறார், யாரோடு மேடையேறுகிறார்? இசைக்குள் அந்தப் படத்துக்கு ஏதாவது வேலை இருக்கிறதா, அல்லது வெறும் ஒட்டுவேலையா? பதில் திருப்தியாக இல்லையென்றால் அதை அப்படியே எழுதிவிடுவேன். அந்தத் தட்டு என் பையிலும் ஏறாது.

எதிர்ப்பக்க உதாரணமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. வாரிக் சோனியின் கலஹாரி சர்ஃபர்ஸ் 1980களில் நிறவெறி ஆட்சியின் அரசியல் பேச்சுகளையும் வானொலித் துண்டுகளையும் வெட்டி ஒட்டி, அந்த ஆட்சியின் குரலாலேயே அதைக் கேள்வி கேட்டது. அவருடைய தட்டுகள் லண்டனின் ரெகமெண்டட் ரெக்கார்ட்ஸ் வழியாக வெளிவந்தன. 1990களில் பால் ரீக்கர்ட்டின் பேட்டரி 9, ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் முழு இண்டஸ்ட்ரியல் இசை செய்தது. ஆட்சியாளர்களின் மொழியாக நமக்குத் தெரிந்த ஆப்பிரிக்கான்ஸ், உள்ளிருந்தே உடைந்து நொறுங்குவதை அதில் கேட்கலாம். வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது இந்த இரண்டு பெயர்களையும் நான் தவறாமல் சேர்ப்பேன்.

பின்தொடர்வது

பெரிய விழாக்கள் தூரத்தில் நடக்கின்றன. லைப்சிக் நகரில் 1992 முதல் பெந்தகொஸ்தே வார இறுதியில் நடக்கும் வேவ்-கோதிக்-ட்ரெஃபன், ஜெர்மனியிலேயே 1999ல் தொடங்கிய மஷீனன்ஃபெஸ்ட், சிகாகோவில் 2012ல் தொடங்கிய கோல்ட் வேவ்ஸ். நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், ராண்டை யூரோவாக்கினால் கை நிறையப் போட்டதும் விரல் நுனிக்கு வந்துவிடும். ஆனால் அங்கே போகாமலே நன்றாகப் பின்தொடரலாம். விழாக்களின் கலைஞர் பட்டியல் வெளியானதும் எழுத்து சின்னதாக இருக்கும் பெயர்களை முதலில் தேடிக் கேளுங்கள். பெரிய எழுத்தில் இருப்பவர்கள் உங்களைத் தேடி எப்படியும் வருவார்கள்.

பேண்ட்கேம்ப் என்ற இணையதளம் இந்த வகையின் முதன்மைக் கடை. அங்கே தனித்தனிக் கலைஞர்களைவிடச் சிறு வெளியீட்டு நிறுவனங்களைப் பின்தொடர்வது பயன் தரும். ஒரு நிறுவனத்தை நடத்துகிறவரின் காது உங்கள் காதோடு ஒத்துப்போனால், அவர் வெளியிடும் பத்தில் பாதியாவது தேறும். விற்கும் டிஜிட்டல் பாட்டில் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், மீதியில் பணப் பரிமாற்றக் கட்டணம் போகக் கலைஞருக்கோ நிறுவனத்துக்கோ போய்ச்சேரும். ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாட்டு ஆயிரம் தடவை ஓடினாலும் வராத தொகை பெரும்பாலும் ஒரே ஒரு ஆல்பம் விற்பனையில் அவர்களுக்குக் கிடைக்கிறது. அரங்கில் போடுகிற பாட்டைக் காசு கொடுத்து வாங்குவதை ஒரு ஒழுக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பாட்டுகளின் பட்டியலையும் அன்றைக்கே எழுதி வெளியிடுங்கள். டர்பனில் தன் பாட்டு ஒலித்தது என்பது மாட்ரிட்டில் படுக்கையறையில் உட்கார்ந்து இசை செய்யும் ஒருவருக்குப் பெரிய செய்தி.

கொஞ்ச நாள் எழுதினால் நிறுவனங்கள் வெளியீட்டுக்கு முன்பே இலவசமாகப் பாட்டு அனுப்பத் தொடங்கும். அப்போதுதான் டிஜே வேலையும் விமர்சக வேலையும் ஒன்றோடொன்று மோதும். நீங்கள் அடுத்த மாதம் மேடைக்கு அழைக்கப்போகிறவரின் தட்டை இந்த மாதம் விமர்சிக்கக் கூடாது. இலவசமாக வந்த பிரதி என்றால் அதை விமர்சனத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நண்பரின் பதிவை வேறொருவர் விமர்சிக்கட்டும், நீங்கள் மேடையில் போடுங்கள். பிடிக்காத பதிவைப் பற்றி எழுதுவதானால், குறைந்தது ஒரு தடவையாவது நல்ல ஒலிபெருக்கியில் முழுக்கக் கேட்டபிறகு எழுதுங்கள். இண்டஸ்ட்ரியல் பதிவுகளில் பாதி விஷயம் அடி அதிர்வுகளில் நடக்கிறது, கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது.